வேட்டையாடாத துணைக்கும் ஒரு வண்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் போவது பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரை, எந்த மானுக்கு எந்தத் தோட்டா என்பது வரை அலசியிருந்தது. உடன் வரும் வேட்டையாடாத துணையைப் பற்றி மட்டும், முகாமில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பத்து நாள் ஒருவர் எவ்வளவுதான் ஓய்வெடுப்பார்? இந்தப் பயணங்களில் மனக்கசப்பு முளைக்கும் இடமே அதுதான் என்பதால் விட்டுப்போனதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வேட்டை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதைத் தங்களுக்குள் பேசி முடித்து, சேர்ந்தே போவது என்று தீர்மானித்துவிட்ட இருவருக்காக எழுதுகிறேன். கட்டுரையில் 'மனைவிமார்' என்றே இருந்தது. மனைவி துப்பாக்கியோடு நடக்க, கணவர் தொப்பியும் புத்தகமுமாக வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளும் உண்டு. அதனால் 'துணை' என்றே சொல்கிறேன்.

துணைக்குச் சலிப்பு ஏற்படுமே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சலித்தால் தூங்கிக்கொள்ளலாம். மற்றவருடைய நாளைக் கெடுக்காமல் "எனக்குப் போதும், நான் திரும்பிப் போகிறேன்" என்று சொல்ல வழியில்லாமல் மாட்டிக்கொள்வதைத்தான் யாராலும் தாங்க முடிவதில்லை. வேட்டை நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் இது புரியும். ஜூன், ஜூலையில் ஐந்தரைக்கே எழுப்பிக் காபி கொடுப்பார்கள். வெளிச்சம் கசியும்போது வண்டி புறப்படும். திறந்த பின்தட்டு உள்ள இந்த வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் 'பக்கி' என்பார்கள்; நம் காதுக்கு வசவு மாதிரி கேட்டாலும் அங்கே அதுதான் பெயர். பின்தட்டுக்கு மேலே உயரமாக அடித்த இருக்கையில் வேட்டைக்காரரும் துணையும் தடம் பார்ப்பவர்களும் உட்காருவார்கள். ஓட்டுபவர் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி. 'புரொஃபஷனல் ஹன்டர்' என்பதை அங்கே சுருக்கமாக பி.எச். என்பார்கள். ஒரு கூடூ மான் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி இறங்கி நடப்பார்கள். அரை மணியில் முடியலாம், மூன்று மணியும் ஆகலாம். குறி தவறி விலங்கு காயத்தோடு ஓடிவிட்டால் ரத்தத் துளியையும் குளம்புத் தடத்தையும் தேடிக்கொண்டு மதியம் தாண்டியும் போவார்கள். அவ்வளவு நேரமும் துணை ஒரு முள்மரத்தடியில், வண்டியில். தனியாக டிரைவர் இருந்தால் பேச்சுத் துணையாவது கிடைக்கும். பல முகாம்களில் தடம் பார்ப்பவரே டிரைவர், அவரும் இறங்கிப் போய்விடுவார்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் விலங்குப் பட்டியலைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: முகாமில் இரண்டாவது வண்டி இருக்கிறதா, அதை ஓட்ட வேட்டையில் கலந்துகொள்ளாத ஓர் ஆள் இருக்கிறாரா? இரண்டு வண்டிக்கும் இடையே வாக்கி டாக்கி உண்டா, பாதி வேட்டையில் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும்? "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் இல்லை என்று அர்த்தம். இந்த ஒரு வசதி இருந்துவிட்டால் நாளே மாறிவிடும். துணை காலையில் போர்வைக்குள் தூங்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு வேட்டைக்காரர்களோடு காட்டில் சேர்ந்துகொள்ளலாம், மாலைச் சுற்றுக்கு மட்டும் போகலாம், நடுவில் அலுத்தால் திரும்பலாம். பொதுவாக மாலைச் சுற்றுதான் துணைக்குத் தோதானது. இரண்டரை மூன்று மணிக்குக் கிளம்பி இருட்டும்போது முடிந்துவிடும், குளிரும் குறைவு, படம் எடுக்க வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

எந்த நாடு என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. "மசாய் மாராவில் வேட்டையும் சுற்றுலாவும்" என்று யாராவது விற்றால் ஒதுங்கிவிடுங்கள். போட்ஸ்வானா 2014-இல் நிறுத்தி 2019-இல் மீண்டும் அனுமதித்தது. தான்சானியாவும் ஜிம்பாப்வேயின் ஜாம்பசி பள்ளத்தாக்கும் எருமை, சிறுத்தை போன்ற ஆபத்தான விலங்குகளைத் தேடிப் போகிறவர்களுக்கானவை. அங்கே வேலியில்லாத காடு. முகாம் எல்லையைத் தாண்டித் துணையால் ஓர் அடி தனியாக வைக்க முடியாது, இரவில் கூடாரத்து ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். முதல் பயணத்தை வேட்டையாடாதவரோடு போகிறவர்களுக்கு என் பரிந்துரை தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் அல்லது மத்திய நமீபியா. இரண்டிலும் சமவெளி மான்கள் ஏராளம், இரண்டும் மலேரியா இல்லாத பகுதிகள். வேலியிட்ட பண்ணையில் யானை, சிங்கம், எருமை இல்லையென்றால், சொல்லிவிட்டுத் துணை தனியாகவே காலை நடை போகலாம். ஆனால் 'மலேரியா இல்லை', 'பெரிய விலங்கு இல்லை' இரண்டையும் அந்தப் பண்ணைக்கே உரிய பதிலாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாகாணத்தில் பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளில்கூட நிலைமை வேறாக இருக்கும்.

குளிரைப் பற்றி விளம்பரத் தாள்கள் வாயே திறப்பதில்லை. ஆப்பிரிக்கா என்றதும் பருத்தி அரைக்கைச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தெற்கில் வேட்டைக் காலம் என்பதே குளிர்காலம். ஈஸ்டர்ன் கேப் உள்நாட்டு மலைப்பகுதியிலும் நமீபியாவின் மேட்டுநிலத்திலும் ஜூன், ஜூலை விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கே இறங்கும். மதியம் இருபது டிகிரியைத் தாண்டும். வேட்டைக்காரர் இறங்கி நடந்து சூடாகிவிடுவார். அசையாமல் திறந்த இருக்கையில் காற்றில் உட்கார்ந்திருப்பவர் துணைதான், அவருக்குத்தான் அதிகத் துணி வேண்டும். காற்றுப் புகாத மேல்கோட்டு, உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ், காதை மூடும் குல்லாய், கையுறை, கழுத்தைச் சுற்ற ஒரு பஃப். மடிக்கு ஒரு போர்வையும் ஒரு வெந்நீர்ப் பையும் கேட்டால் முகாமில் தருவார்கள். கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது. பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஒரே கனமான கோட்டைவிட அடுக்கடுக்கான மெல்லிய துணிகள் நல்லது. நிறம் காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. வெள்ளை வேண்டாம். ஜாம்பசி பள்ளத்தாக்கு, தான்சானியா பக்கம் போனால் நீலமும் கறுப்பும்கூட வேண்டாம்: செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும், துணிக்கு மேலாகவே கடிக்கும், பூசும் கொசு மருந்து அவற்றிடம் பெரிதாக எடுபடாது. ஆசை ஆசையாக வாங்கிய நீல ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ராணுவப் புள்ளி போட்ட உடையைப் பொதுமக்கள் அணிவது ஜிம்பாப்வேயில் சட்டவிரோதம். வேட்டைக்கு ஏற்ற உடை என்று நினைத்துத் துணைக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

துணையும் கூட நடக்க விரும்பினால் வரிசை இப்படி: முன்னால் தடம் பார்ப்பவர், அடுத்து பி.எச்., பிறகு வேட்டைக்காரர், அவருக்குப் பின் துணை, கடைசியில் முகாமின் ஆள் ஒருவர். முன்னவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்தால் சுள்ளி முறியும் சத்தம் பாதி குறையும். துப்பாக்கியைத் தாங்க வைக்கும் மூன்று கால் மூங்கில் தாங்கியை பி.எச். விரிக்கிறார் என்றால் அடுத்த சில நொடிகளில் வெடிக்கும். அந்த நேரத்தில் படம் எடுக்க ஓர் அடி பக்கவாட்டில் நகர்வதுதான் பல வேட்டைகள் கைநழுவக் காரணம். நின்ற இடத்திலேயே உறைந்துவிட வேண்டும். செல்பேசியை மௌனத்தில் மட்டும் வைத்தால் போதாது, கேமராவின் ஷட்டர் ஒலியையும் அணைக்க வேண்டும்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கிக் குழல் முனையில் மசில் பிரேக் பொருத்தியிருந்தால் தோளில் உதை குறையும், ஆனால் வெடிச்சத்தம் பக்கவாட்டிலும் பின்னாலும் சிதறும். சுடுபவருக்குக் கிடைக்கும் சுகத்தின் விலையை அருகில் நிற்கும் துணையும் தடம் பார்ப்பவரும் காதால் கொடுக்கிறார்கள். 375 போன்ற பெரிய தோட்டா ரகத் துப்பாக்கியில் இது ஒரு முறையே காதைக் கெடுக்கப் போதுமானது. பிரேக்கைக் கழற்றிவிடுங்கள், கழற்ற முடியாததென்றால் அந்தத் துப்பாக்கியை எடுத்துப்போக வேண்டாம். துணைக்கு மின்னணுக் காதுமூடி ஒன்று வாங்குங்கள். மெல்லிய பேச்சைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் தடுக்கும். கிசுகிசுப்பில் சொல்லும் கட்டளையும் காதில் விழும்.

தண்ணீர்க் குட்டை ஓரத்து மறைவிடத்தில் உட்கார்ந்து சுடும் வேட்டை, அதிலும் வில் வேட்டை, வேறு கதை. ஆறு ஏழு மணி நேரம் பேச்சு இல்லை, இருமல் இல்லை, வாசனைத் திரவியம் இல்லை. பறவையும் விலங்கும் பார்ப்பதில் ஈடுபாடுள்ளவருக்கு இது சொர்க்கம், மற்றவர்களுக்குச் சிறை. நடுவில் வெளியேறினால் விலங்குகள் கலைந்துவிடும் என்பதால், துணையைச் சேர்ப்பதானால் அரை நாள் என்று முன்பே பேசிக்கொண்டு, வண்டி வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறுத்தைக்கு இரை கட்டிக் காத்திருக்கும் மறைவிடத்துக்குத் துணையை அழைத்துப்போகவே வேண்டாம். அதற்குப் பொறுமை மட்டும் போதாது, தும்மலையும் அடக்கத் தெரிய வேண்டும்.

விலங்கு விழுந்த பிறகு நடப்பதைப் படத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். முதலில் படப்பிடிப்பு. ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, முன்னாலிருக்கும் புல்லை வெட்டி, தலையை வெயில் படும் பக்கம் திருப்பி நிமிர்த்தி வைப்பார்கள். அரை மணி நேரம் ஆகிவிடும். பிறகு வின்ச் கயிற்றால் இழுத்துப் பின்தட்டில் ஏற்றுவார்கள். வளர்ந்த ஆண் கூடூ என்றால் இருநூறு கிலோவைத் தாண்டும். துணை உட்கார்ந்திருக்கும் உயர இருக்கைக்கு நேர் கீழே, அவருடைய கால்களுக்கு அடியில், அது கிடக்கும். வண்டி குலுங்கும்போதெல்லாம் கொம்பு தகரத்தில் உரசும் சத்தம் கேட்கும். தட்டில் வைத்த பையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும். இதற்குத் தயாராக இல்லாதவர் முன் கேபினுக்குள் உட்காரலாம், அல்லது இரண்டாவது வண்டியைக் கூப்பிடலாம். இரண்டையும் முதல் நாளே பி.எச்.சிடம் சொல்லி வைத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் இருக்கைக் கம்பியில் மாட்டுங்கள். தோலுரிக்கும் கொட்டகை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று பார்த்து அறை கேட்பதும் வீண் பிடிவாதமல்ல. 'நான் எதைப் பார்ப்பேன், எதைப் பார்க்க மாட்டேன், எந்தப் படத்தில் நிற்க மாட்டேன்' என்பதைத் துணை ஊரில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். விலங்கு விழுந்த மகிழ்ச்சியில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து நில் என்று கூப்பிட்டால் மறுப்பது கடினம்.

வேலை ஒன்று கையில் இருந்தால் துணை பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதற்கு முதலில் வேண்டியது சொந்தத் தொலைநோக்கி. வேட்டைக்காரருடையதை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது, விலங்கு தெரியும் அந்த நொடியில் அது அவர் கண்ணில்தான் இருக்கும். எட்டு மடங்கு பெருக்கும் 8×32 அல்லது 8×42 போதும். பத்து மடங்கு பெருக்கம் ஓடும் வண்டியில் ஆடும். தென்னாப்பிரிக்கப் பறவைகளுக்கான கையேடு ஒன்றும் கூட இருந்தால் இளஊதா மார்புப் பனங்காடையையும் மஞ்சள் அலகு இருவாச்சியையும் வண்டியிலிருந்தே குறித்துக்கொண்டு போகலாம். தடம் பார்ப்பவர்களிடம் பறவைப் பெயர் கேட்டால் முகம் மலர்வார்கள், வேட்டை நேரத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்பதில்லை. படம் எடுப்பவரென்றால் 100-400 லென்ஸ், இருக்கைக் கம்பியில் வைக்க ஒரு பீன்பேக். பையை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே அரிசி போட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றாதீர்கள், அந்தச் செம்மண் தூசி சென்சாரை விட்டு வராது.

"நானும் ஒரு மான் சுட்டுப் பார்க்கிறேன்" என்று துணைக்கு நான்காம் நாள் ஆசை வருவது அபூர்வமல்ல. பார்வையாளராகப் பதிவானவர் சட்டென்று துப்பாக்கியை வாங்கிச் சுட முடியாது. வேட்டைத் தாள்களிலும் அனுமதியிலும் அவர் பெயர் இருக்க வேண்டும், அன்றைய நாள் கட்டணமும் மாறும். வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் புறப்படுமுன்பே கேட்டு வையுங்கள்.

இனி சுற்றுலாவை எங்கே செருகுவது என்ற கேள்வி. வேட்டை முதலில், ஊர் சுற்றல் பிறகு என்பதே என் கட்சி. மாற்றிப் போட்டால் வேட்டைக்காரர் அருவி முன்னால் நின்றுகொண்டு மானை நினைத்துக்கொண்டிருப்பார். ஏழு நாள் வேட்டையென்றால் நான்காம் நாளை இருவருக்கும் விடுமுறையாக வைப்பது இன்னும் நல்லது. அந்த நாளுக்கும் வேட்டைக் கட்டணம் உண்டா, பார்வையாளர் கட்டணம்தானா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வேட்டைக்குப் பிறகு சுற்றுலா என்றதும் துப்பாக்கி குறுக்கே வந்து நிற்கும். வாடகைக் காரின் டிக்கியில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கடற்கரையில் நடக்க முடியாது. குரூகர் தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் துப்பாக்கியை அறிவித்து முத்திரை வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஏற்பாட்டாளரின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதென்றால் திரும்பி அங்கேயே வந்து எடுக்க வேண்டும், பாதி நாள் போய்விடும். துணையோடு போகும் பயணத்தில் துப்பாக்கியை முகாமிலேயே வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். சொந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்பவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களுக்காக விமான நிலையத்து நிலவரம். தென்னாப்பிரிக்காவில் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற காவல் துறைப் படிவத்தின் பேரில் தற்காலிக அனுமதி தருகிறார்கள். கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், கையெழுத்தை அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். கூடவே கடவுச்சீட்டு, துப்பாக்கிக்கான உரிமைச் சான்று, திரும்பும் பயணச் சீட்டு, ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை. ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் வரிசை மணிக்கணக்கில் நீளும். துணை அத்தனை பெட்டிகளோடும் வெளியே காத்து நிற்பார். அடுத்த உள்நாட்டு விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். அன்றிரவு ஜோகன்னஸ்பர்க்கிலேயே தங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. விமானத்தில் தோட்டாக்கள் தனிப் பூட்டிய பெட்டியில், ஒருவருக்கு 5 கிலோவுக்குள். எடை கூடிவிட்டதென்று நாலு பாக்கெட்டைத் துணையின் பெட்டிக்குள் தள்ளும் வேலை மட்டும் கூடவே கூடாது. துப்பாக்கி அனுமதி இல்லாதவர் பெட்டியில் தோட்டா அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எங்கே சுற்றலாம் என்பதை மாதத்தை வைத்துப் பாருங்கள். நமீபியாவில் வேட்டையென்றால் எட்டோஷா தேசியப் பூங்காவை விடாதீர்கள். மழையில்லா மாதங்களில் விலங்குகள் தண்ணீரைத் தேடித்தான் வந்தாக வேண்டும். ஒக்காகுவேயோ முகாமுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் குட்டைக்கு இரவில் கறுப்புக் காண்டாமிருகம் வரும், வண்டியே வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். நமீபியச் சாலைகள் பெரும்பாலும் சரளைக்கல். தானே ஓட்டுவதென்றால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், இரண்டு உதிரி டயர் உள்ள வண்டியாக எடுங்கள். ஈஸ்டர்ன் கேப்பில் போர்ட் எலிசபெத் என்று முன்பு அழைக்கப்பட்ட கெபெர்ஹாவுக்குப் பக்கத்திலேயே ஆடோ யானைப் பூங்கா. வேட்டை நடக்கும்போதே துணை ஒரு டிரைவரோடு பகலில் போய்த் திரும்பும் தூரம். கேப் டவுன் எல்லோரும் கேட்பது; ஆனால் அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம், டேபிள் மலைக் கம்பிவண்டியையும் குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவார்கள். வேட்டையை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளினால் ஹெர்மானஸ் கரையில் நின்றே திமிங்கிலம் பார்க்கலாம், நமாகுவாலாந்தில் பூக்கள் விரியும் காலமும் அதுவே. விக்டோரியா அருவிக்கு அக்டோபரில் போனால் ஜாம்பியா பக்கத்தில் பாறையைத்தான் பார்க்க முடியும்; ஜூன், ஜூலையில் தண்ணீர் இன்னும் இருக்கும்.

உடல்நல விஷயத்தில் இருவரும் ஒரே மருத்துவரைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பாருங்கள். குரூகர், லிம்போப்போவின் வடகிழக்கு, ஜாம்பசி பள்ளத்தாக்கு, விக்டோரியா அருவி எல்லாம் மலேரியாப் பகுதிகள். வேட்டைப் பண்ணை மலேரியா இல்லாததாக இருந்து சுற்றுலா அங்கே போகிறது என்றால் மாத்திரை இருவருக்கும் தேவை. அடோவகோன்-புரோகுவானில் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் திரும்பி ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் எளிதில் கருகும், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் எரியும். நாள் முழுக்கத் திறந்த வண்டியில் உட்காரும் துணைக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் அந்த விவரத்தோடு கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாக வந்து, அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும். மலிவுச் சீட்டுக்காக நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ ஓர் இரவு தங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். புல்லில் நடந்த மாலைகளில் முழங்கால் பின்புறம், இடுப்புப்பட்டி, அக்குள் பார்த்து உண்ணி இருந்தால் எடுத்துவிடுங்கள். வீடு திரும்பிய வாரத்தில் காய்ச்சலும், கறுத்த பொருக்கு உள்ள ஒரு புண்ணும் தெரிந்தால் மருத்துவரிடம் ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லுங்கள். பயணக் காப்பீட்டில் 'வேட்டை', 'துப்பாக்கி' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். சில பாலிசிகள் பார்வையாளராகப் போனவரையும் சேர்த்து விலக்கிவிடுகின்றன. விமானத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

முகாமைப் பற்றிச் சின்னச் சின்னதாகக் கேட்க வெட்கப்படாதீர்கள். குளியலறை அறைக்குள்ளேயா? வெந்நீர் விறகடுப்புக் கொதிகலனிலிருந்தா? 'டாங்கி' என்பார்கள், மாலையில் மூட்டினால்தான் சூடு, மதியம் குளிக்க வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் எத்தனை மணி வரை? உறக்கத்தில் மூச்சுக்கருவி பயன்படுத்துபவருக்கு இது உயிர்க் கேள்வி. செல்பேசி சிக்னல் எங்கே கிடைக்கும்? இரவு உணவில் பெரும்பாலும் அன்றைய அல்லது முந்தைய நாள் வேட்டை இறைச்சிதான் இருக்கும். துணை சைவம் என்றாலோ, வேட்டை இறைச்சி மட்டும் வேண்டாம் என்றாலோ இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள். தொலைதூர முகாமுக்குச் சாமான் வாரம் ஒருமுறைதான் வரும், சமையல்காரர் எவ்வளவு நல்லவரானாலும் இல்லாத காய்கறியைச் சமைக்க முடியாது.

கடைசியாகக் கணக்கு. வேட்டைக்காரருக்கு நாளொன்றுக்கு 400 டாலர், பார்வையாளருக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 2,800-உம் 1,050-உம். இதற்கு மேல் விழுந்த விலங்குக்குத் தனிக் கட்டணம்; காயப்பட்டுக் கிடைக்காமல் போனாலும் கட்ட வேண்டும். மதிப்புக்கூட்டு வரி தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் 15 சதவீதம். சொன்ன விலையில் அது அடக்கமா என்று கேளுங்கள். பார்வையாளர் கட்டணத்துக்குள் துணி துவைப்பு, மது, விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது எல்லாம் அடங்குமா, துணையின் பகல் பயணங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கா நாள் கணக்கா என்பதைத் தாளில் வாங்குங்கள். இரண்டாவது வண்டியையும் டிரைவரையும் அதே தாளில் பெயர் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பணம் இடிக்கிறதென்றால் பட்டியலில் ஒரு கூடூவை அடித்துவிடுங்கள்: அதன் கட்டணம் பல பண்ணைகளில் 2,000 டாலருக்கு மேல், அந்தப் பணத்தில் இருவரும் எட்டோஷாவில் சில நாள் தங்கிவிடலாம்.

அன்பளிப்பு உறைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பி.எச்., தடம் பார்ப்பவர்கள், தோலுரிப்பவர்களுக்கு வேட்டைக்காரர் கொடுக்கட்டும். சமையல்காரர், அறை சுத்தம் செய்தவர், இரண்டாவது வண்டியின் டிரைவர் ஆகியோருக்குத் துணை தன் கையாலேயே கொடுப்பதுதான் முறை. பகல் முழுக்க அவரோடு இருந்தவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
வேட்டைப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள வாசகர்